சிவக்காத பட்டை

“என்ன, கீழ இருந்த பட்டையையே காணோம்?”

பல் துலக்கும் பிரஷ்ஷும் வாயுமாக வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான் கணவன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஒரு அடைப்புக்குறி விட்டுப்போச்சு. சரி பண்ணிடறேன். நீங்க போய் வாயைக் கொப்புளிங்க.”

அவன் போன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுகிறவள் அவள். அவள் நிரல் எழுதும் எடிட்டரில் நாலு வரி சேர்த்தால் எதையும் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, மணி என்ன என்றெல்லாம் காட்டும். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. இன்ஜின் அறையில் மீட்டரைப் பார்த்தே பழகிய கண், இந்த அறைக்குள் வந்தாலும் முதலில் அந்தப் பட்டைக்குத்தான் போகும். பெண்டாட்டி முகமெல்லாம் அப்புறம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மெயில் வந்தால் பட்டை சிவப்பாக மாற வழி உண்டா என்று நேற்று கேட்டவனும் அவன்தான். ரிசல்ட், ரிசல்ட் என்று அவள் மெயிலைத் திறந்து திறந்து பார்ப்பதை அவனால் சகிக்க முடியவில்லை. அவளும் சிரித்துக்கொண்டே எழுதிச் சேர்த்தாள்.

இன்று காலை, அவன் குளியலறையில் இருந்தபோது பட்டை சிவந்தது.

முதல் பத்தி மட்டும் படித்தாள். மார்பில் இருந்தது சாதாரணக் கட்டி இல்லை. மெயிலை மூடினாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் அவன் காதில் விழக்கூடாது என்று போனையும் சத்தமில்லாமல் வைத்தாள். நேற்று எழுதிய வரிகளை அவசர அவசரமாக அழித்தாள். அந்த அவசரத்தில் ஓர் அடைப்புக்குறியும் சேர்ந்து போய், பட்டையே மறைந்துவிட்டது.

இன்றைக்குத்தான் அவன் கப்பலேற வேண்டும். மாதக்கணக்கில் கரையில் சும்மா கிடந்தவன். வீட்டுக் குழாய், மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கழற்றி மாட்டித் தீர்த்துவிட்டான். கடைசியில் கிடைத்தது தலைமை இன்ஜினீயர் வேலை. எத்தனையோ வருஷத்துக் கனவு. ரிசல்ட் தெரிந்தால் பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவான். கப்பல் கிளம்பிவிட்டால் நடுக்கடலில் இறங்கி ஓடிவர முடியாது. அவன் திரும்புவதற்குள் தங்கையைத் துணைக்கு வரவழைத்து வைத்தியத்தை ஆரம்பித்துவிடலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

பால்கனியில் யாரிடமோ போனில் பேசிவிட்டு அவன் உள்ளே வந்தான். சரக்கு ஏற்றத் தாமதமாம், மதியம் கிளம்ப வேண்டிய கப்பல் சாயங்காலம்தான் கிளம்புமாம். இன்னும் அரை நாளா என்று நினைத்துக்கொண்டே அவள் திரைப் பக்கம் திரும்பினாள்.

அவன் திரையைப் பார்த்தான். பட்டை திரும்பி வந்திருந்தது. அந்தச் சிவப்பு வேலையும் சரியாகிவிட்டதா என்று கேட்டான். அவள் அதே வரிகளை மறுபடி எழுதினாள். ஆஸ்பத்திரியின் மெயில் முகவரியில் மட்டும் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றினாள். இனி எத்தனை மெயில் வந்தாலும் அது சிவக்காது. அவன் நம்புவதற்காகத் தானே ஒருமுறை சிவக்க வைத்தும் காட்டினாள். அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று அலுவலக வேலை ஒரு வரி நகரவில்லை. கடிகாரத்தைப் பட்டையின் இடது பக்கம் வைத்தாள், வலது பக்கம் வைத்தாள், கண்ணில் படவே வேண்டாம் என்று எடுத்துவிட்டாள். நீலத்தைச் சாம்பலாக்கினாள், சாம்பலை நீலமாக்கினாள். உள்ளே அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான். நடுநடுவே வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, வந்துச்சா என்று கேட்டான். இல்லை என்றாள். சாப்பாட்டில் இருவருக்குமே கை ஓடவில்லை; ஒழுங்காகச் சாப்பிடக் கூடாதா என்று ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டார்கள்.

தட்டை எடுக்கும்போது அவன் மறுபடி கேட்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

“எத்தனை தடவைங்க சொல்றது? வந்தா சொல்ல மாட்டேனா?”

அவன் முகம் வாடியது. தட்டுகளைக் கழுவப் போய்விட்டான். தலைமை இன்ஜினீயராகக் கிளம்புகிற நாளிலா அவன்மேல் இப்படி எரிந்து விழுவது என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வெயில் சாய்ந்தது. அவன் அசைவதாகக் காணோம். அவளே எழுந்து போய் அவன் சட்டையை எடுத்து வந்தாள்.

“கிளம்புங்க. உங்களுக்காகக் கப்பல் நிக்காது.”

அவன் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

“வந்துச்சா?”

குரல் மிகவும் தணிந்திருந்தது.

“இல்லைங்க. வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன். நிம்மதியாப் போயிட்டு வாங்க.”

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

“கப்பல் மத்தியானமே போயிடுச்சு. காலையில நீ போன் எடுக்கலன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து என்னைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னாங்க. உன் வாயால நீயே சொல்லட்டும்னுதான் பொழுது பூரா கேட்டுக்கிட்டே இருந்தேன்.”