மடையான்

விடிகிற நேரம். ஏரிக்கரைச் சாலையை அடைத்துக்கொண்டு புளியமரம் விழுந்து கிடக்கிறது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்கிறவர்கள் ராத்திரி வெட்டிச் சாய்த்த மரம். உளுந்தூர்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தனசேகரன் கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறான். மரத்தின் உச்சிக் கூடுகளில் பறவைகள் அடைகாத்தது, குஞ்சு பொரித்தது என்று வாரக்கணக்காக எடுத்த படமெல்லாம் உள்ளே ஃபிலிம் ரோலில் இருக்கிறது. குஞ்சு பறக்கிற படம் ஒன்றுதான் பாக்கி. இப்போது கூட்டுச் சுள்ளிகள் தாரின்மேல் சிதறியிருக்கின்றன. ஒரு குஞ்சின் கழுத்து மட்டும் இன்னும் அசைகிறது.

மறியல் கூட்டத்திலிருந்து கோடரியோடு கொளஞ்சி வருகிறார். "போலீசுக்குப் படம் புடிச்சிக்கினு இருக்கியா?" "இல்லண்ணே. மடையான எடுக்க வந்தேன்." பறவைப் புத்தகத்தில் படித்த பெயர் அவன் வாயில் வந்துவிடுகிறது. கொளஞ்சியின் முகம் கறுக்கிறது. "எவன்டா மடையன்? புள்ளைங்க படிக்க எடம் கேட்டு ரோட்டுல நிக்கிறோமே, நாங்க மடையனுங்களா?" கேமராவைப் பிடுங்குகிறார். பின்மூடி திறக்கிறது. ரோல் குடலைப்போல நீளமாக வெளியே வருகிறது. எந்த வெளிச்சத்துக்காகத் தனசேகரன் இத்தனை விடியல் காத்திருந்தானோ, அதே வெளிச்சம் ஏரிமேல் ஏறி வந்து ரோல் முழுக்கப் படிந்து, எடுத்த படத்தையெல்லாம் அழிக்கிறது.

மண்ணிறப் பறவை ஒன்று, இறக்கை விரித்ததில் வெள்ளையாகிப் பறந்து வருகிறது. அலகில் மீன். சாய்ந்த மரத்தில் இறங்கிக் கூட்டைத் தேடுகிறது. தனசேகரன் கைகாட்டுகிறான். "அதாண்ணே."

"அட, குருட்டுக் கொக்கு. இதுக்கா வந்த? மொதல்லயே சொல்லக் கூடாதா?" கொளஞ்சியின் குரல் தணிகிறது. கேமராவைத் துண்டால் துடைத்து நீட்டுகிறார். "கிட்டத்துலயே நிக்குது பாரு. எடுத்துக்க."