தனியாகக் கேட்கும் கேள்வி

ஜெர்மனியில் சட்டம் அனுமதிக்கும் எஸ்கார்ட் என்ற பாலியல் தொழிலைப் பதிவு செய்ய வந்திருந்த இரண்டு பெண்களையும் ஆர்வமாகப் பார்த்தாள் நகராட்சி அதிகாரி கெர்லிண்டே. இளையவள் ஸ்வான்யே ஃபைலை அணைத்தபடி நகம் கடித்தாள். அறுபதைத் தொட்ட ரோஸ்விதா அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வெளியே இருங்கம்மா. இவங்ககிட்ட தனியா பேசணும், அதான் சட்டம்."

ரோஸ்விதா சிரித்துக்கொண்டே வெளியேறினாள்.

"பயப்படாம சொல்லும்மா. அந்தம்மா இந்தத் தொழிலுக்கு உன்னைக் கட்டாயப்படுத்துறாங்களா? தலையாட்டு, போதும். போலீஸைக் கூப்பிடறேன்."

"ஐயோ மேடம், தொழில் அவங்களோடது! நான் அவங்க வரிக்கணக்கு பார்க்கிறவ."

முகம் சிவந்த கெர்லிண்டே, ஸ்வான்யேவை அனுப்பிவிட்டு ரோஸ்விதாவை அழைத்து அதையே கேட்டாள்.

"தொழிலுக்கு யாரும் கட்டாயப்படுத்தலை. வரி கட்டச் சொல்லித்தான் அந்தப் பொண்ணு உயிரை எடுக்கிறா. அதுக்குப் போலீஸைக் கூப்பிடுவீங்களா?"