கடைசிப் பேர்

“செழியன் அம்பேத்கர்.” புதிதாக வந்தவன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பாண்டித்துரை உரக்கப் படித்தான். பாண்டித்துரையின் அட்டை வழக்கம்போல் அவன் சட்டைப் பைக்குள் கிடந்தது. “யாருடா அது, அம்பேத்கர்?”

“அப்பா பேரு. பாஸ்போர்ட்டுக்குக் கடைசிப் பேரு ஒண்ணு கேட்டாங்க.”

“உங்கப்பனுக்கு வேற பேரே கிடைக்கலையா? மாயாண்டி, இவன் நம்ம சட்டி பானையத் தொடக் கூடாது. இவன் இருக்கிற ரூம்ல நான் சோறு திங்க மாட்டேன்.”

அமீரகத்தின் ராஸ் அல் கைமா சிமெண்ட் பேக்டரித் தொழிலாளர் கேம்பில், அந்த அறைக்குப் பாண்டித்துரை வைத்ததுதான் சட்டம். இருந்தாலும் மாயாண்டி மெல்லச் சொன்னான்: “விடுப்பா. பாவம், நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன்.”

“எந்தப் பக்கமா இருந்தா எனக்கென்ன? கேம்ப் பாஸ்கிட்ட சொல்லி வேற ரூம் பாத்துக்கச் சொல்லு. யல்லா, கிளம்புடா!”

செழியன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பாண்டித்துரை. ஒரு கை சட்டைப் பையை அழுத்திப் பொத்தியிருந்தது.

“இங்க ஏன்டா வந்து தொலைச்ச? என் அட்டையிலயும் அதே பேருதான் இருக்குன்னு எவன்கிட்டயாவது சொன்ன, கொன்னுருவேன்.”

“சொல்ல மாட்டேன்” என்றான் செழியன். “ஆனா அண்ணே, ஊர்லருந்து அப்பா போன் பண்ணுவாரு. பெரியவன் நேரத்துக்குச் சோறு திங்கிறானான்னுதான் மொதல்ல கேப்பாரு. என்ன சொல்லட்டும்?”