பீட்டர் வீட்டு முகவரி

பீட்டர் வீட்டின் இணைய முகவரியைத் தொலைத்தது நான்தான். போன வாரம் அங்கே போயிருந்தபோது என் போன் ஐந்து சதவீதத்தில் மூச்சு வாங்கியது; அவன் படத்துக்குக் கீழே அவனுடைய போன் நூறு சதவீதத்தோடு சார்ஜில் கிடந்தது. செத்தவனோடு மல்லுக்கட்ட வேண்டாமென்று பக்கத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அதில்தான் அவன் 'சர்வர்' என்று பீற்றிக்கொண்ட பழைய லேப்டாப்பும் மோடமும் ஓடிக்கொண்டிருந்தன. கிளம்பும்போது திரும்பச் செருகிவிட்டேன்.

மறுநாள் அவன் மனைவி சாராள் போன் செய்தாள். காக்களூர் கம்பெனியில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால், எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் பீட்டர் பாடிய வீடியோக்களை அந்த லேப்டாப்பிலிருந்து போனில் வரவழைத்துப் பார்த்தபடிதான் சாப்பிடுவாள்.

"அவரு வர்லண்ணா. சோறே எறங்கல."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போனேன். "கரண்ட் போய் வந்தா ஊட்டு நெட்டு நம்பர் மாறிடும்மா. நம்பர் மாறுனாலும் பேரு மாறாம புடிச்சிக்கினு இருக்கறதுதான் டைனமிக் டிஎன்எஸ்" என்று விளக்கினேன், பிளக் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.

"ஆளே போயிட்டா?"

அப்போதுதான் எனக்கு வேர்த்தது. அது இலவசக் கணக்கு. இன்னும் இருக்கிறீர்களா என்று மாதம் ஒரு முறை பீட்டருக்கு மெயில் வரும். அதில் 'ஆம்' பட்டனை அமுக்காவிட்டால் பெயரையே அழித்துவிடுவார்கள். அவன் போய் எட்டு மாதம்.

பாஸ்வேர்டு அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். திறந்தேன். பெயர் பத்திரமாக இருந்தது; பழைய நம்பரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது, மாற்றினேன். 'கடைசியாக உறுதி செய்தவர்: பீட்டர். போன செவ்வாய்.'

கீழே தள்ளினேன். எட்டு மாதம், எட்டு முறை. உயிரோடிருந்தவரை ஒரு நாளும் நேரத்துக்குப் பஸ் பிடிக்காதவன், செத்த பிறகு மாதம் தவறவில்லை.

"செவ்வாக்கெழம ஊட்டுக்கு யார்னா வந்தாங்களா?"

"டீ ஆறுது, குடிண்ணா."

"எதுனா சத்தம் கித்தம் கேக்குதா?"

"டம்ளர ஒழுங்கா புடிண்ணா."

பாதி டீ என் பேன்ட்டில் இருந்தது. "பீட்டரு வர்றானாம்மா? நேரா சொல்லு."

சாராள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவரு போன்ல மெயில் வந்தா நாந்தாண்ணா அமுக்குறேன். இல்லன்னு சொல்ல அதுல பட்டனே கிடையாது."