சாம்பலுக்கு மேலே புல்வேர்

உங்கள் காலடி மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று என்றாவது பார்த்ததுண்டா?

எரிமலைச் சரிவில் வளை தோண்டிய முள்ளம்பன்றி அதைப் பார்த்துவிட்டது. உடனே பக்கத்துப் புதரில் குட்டிகளோடு வாழ்ந்த முயலை அழைத்து வந்தது.

"இந்த மலை சாது, அண்ணா. நான் பிறந்ததிலிருந்து ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை" என்றது முயல்.

"நீ பிறந்ததே போன மழைக்காலத்தில்தான், தங்கச்சி! இந்தச் சுவரைப் பார்."

வளையின் சுவரில் கரிய சாம்பலும் மண்ணும் அடுக்கடுக்காக மாறி மாறித் தெரிந்தன. ஒவ்வொரு சாம்பல் அடுக்குக்கும் அடியில் மெல்லிய மஞ்சள் தூசி படிந்திருந்தது.

"முதலில் மஞ்சள் தூசி, பிறகு நெருப்பு. ஒருமுறைகூட இது மாறவில்லை."

அன்று காலை குட்டிகளின் முதுகிலிருந்து முயல் நக்கித் துடைத்ததும் மஞ்சள் தூசிதான்.

"இனி எங்களுக்கு இந்த மலை இல்லையா, அண்ணா?"

"சாம்பலுக்கு மேலுள்ள மண்ணையும் பார். ஒவ்வொன்றிலும் புல்வேர் ஓடியிருக்கிறது. எரிந்த இடத்தில் எல்லா முறையும் புல் முளைத்திருக்கிறது. அதை மேய உன் குட்டிகள் உயிரோடு திரும்பி வர வேண்டாமா? இரண்டை நான் கவ்விக்கொள்கிறேன். பயப்படாதே, முதுகில் ஏற்ற மாட்டேன். நாளைக்கு என்று சொல்லாதே. இன்றே, இப்போதே மலைக்குக் கீழே ஓடும் ஆற்றைக் கடப்போம், வா!"