காப்பர் லேன்: கணிப்பு இல்லை

சனிக்கிழமை காலை பேப்பரைப் பார்த்துவிட்டு லாயத்துக் கேன்டீன் மொத்தமும், அதில் பந்தயக் கணிப்பு எழுதும் விர்ஜில் ஸ்டாம்பரைத் திட்டிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் லெக்சிங்டனில் மூன்று வயதுக் குதிரைகள் மண் தரையில் ஓடும் பெரிய பந்தயம். பன்னிரண்டு குதிரைகள். தகப்பன் எது, தாய் வழி எப்படி, கடைசி மூன்று ஓட்டத்தில் என்ன செய்தது, மண்ணில் தாக்குப்பிடிக்குமா என்று அலசி எழுதுவதில் விர்ஜிலை மிஞ்ச ஆள் கிடையாது.

பதினோரு குதிரைகளுக்குப் பத்தி பத்தியாக எழுதியிருந்தார். பன்னிரண்டாவதுக்கு ஒரே வரி.

'காப்பர் லேன்: கணிப்பு இல்லை.'

அதைப் பழக்கியவள் அவருடைய ஒரே மகள் ரோடா.

மகள் பழக்கிய குதிரை என்பதால் ஒதுங்கியிருப்பார் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். லாடம் அடிக்கும் க்ளைட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. போன வருஷம் அவளுடைய இன்னொரு குதிரையை, பாதி வழியில் படுத்துவிடும் என்று அச்சில் எழுதிய மனுஷன்தானே அவர்.

"அப்ப திட்டவாவது திட்டினாரு. இது திட்டறதுக்குக்கூட லாயக்கில்லைன்னு விட்டுட்டாரு" என்றார் க்ளைட்.

ரோடா காதில் அது விழுந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு லாயத்துக்குப் போய்விட்டாள்.

காப்பர் லேனின் தகப்பன் பிரான்சில் புல்தரையில் ஓடிய குதிரை. தாய் வழியிலும் எல்லாம் புல்தான். முன்னால் ஓடும் குதிரைகளின் குளம்பு வாரியடிக்கிற மண் மூஞ்சியில் பட்டதுமே இது மிரண்டு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ரோடா ஐந்து மாதம் தினமும் காலையில் அதை இரண்டு குதிரைகளுக்குப் பின்னால் ஓடவிட்டாள். முதலில் தலையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கியது. அவள் அதட்டவில்லை, அவசரப்படவும் இல்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு மண்ணுக்குள்ளேயே ஓடியது.

பத்து மணிக்குக் குதிரையின் சொந்தக்காரர் ஹாலிஸ் ப்ரெக் பேப்பரும் கையுமாக வந்தார்.

"பெத்த அப்பாவே ஒரு வார்த்தை எழுதல ரோடா. நான் எதை நம்பி உன்கிட்ட விடறது?"

முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் திங்கட்கிழமை குதிரை வேறு பயிற்சியாளரிடம் போய்விடும் என்றும் சொன்னார்.

"குதிரை பேப்பர் படிக்காது ஹாலிஸ்" என்றாள் ரோடா. "மத்தியானம் பாருங்க."

சொல்லிவிட்டுக் குதிரையின் காலுக்குக் கட்டுப் போடக் குனிந்தாள்.

பந்தயத்தில் காப்பர் லேனுக்குக் கிடைத்தது கடைசி ஓரம். கதவு திறந்ததும் ஒன்பதாவதாகப் போனது. முதல் வளைவிலேயே நெற்றியில் இருந்த வெள்ளைச் சுட்டி மண்ணில் மறைந்துவிட்டது. இப்போது தலையைத் தூக்கும் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

தூக்கவில்லை.

இரண்டாவது வளைவில் ஆறாவது. நேர் ஓட்டத்துக்குத் திரும்பியபோது நான்காவது. ஜாக்கி சவுக்கைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு கழுத்து வித்தியாசத்தில் இரண்டாவதாக முடித்தது.

ஜெயித்த குதிரையை விட்டுவிட்டுப் பாதிக் கூட்டம் காப்பர் லேனைப் பார்க்க வந்தது. ரோடா ஈரத்துணியால் அதன் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் மண். முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தது. க்ளைட் வந்து குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அவளைப் பார்த்துத் தலையாட்டினார். ஹாலிஸ் தொப்பியைக் கழற்றினார். இந்தக் குதிரை அவளிடமே இருக்கட்டும், அடுத்து வாங்கப்போகிறதையும் அவளிடமே விடுவேன் என்றார்.

ரோடாவின் கண் கூட்டத்தில் ஒருவரைத் தேடியது. விர்ஜில் வரவில்லை.

துணியைக் கீழே போட்டுவிட்டு நேராகப் பத்திரிகைக்காரர்கள் அறைக்குப் போனாள். அவர் அங்கேயும் இல்லை. பந்தயப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்டிஸ் அம்மாள் மட்டும் இருந்தார்.

"அப்பா எங்க?" என்றாள். "ஊர்ல இருக்கிற நொண்டிக் குதிரைக்கெல்லாம் பத்தி பத்தியா எழுதறவருக்கு, என் குதிரைக்கு எழுத ஒண்ணுமே கிடைக்கலையான்னு கேக்கணும்."

ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதலைன்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

பைக்குள்ளிருந்து ஆறு தாள்களை எடுத்து நீட்டினார். விர்ஜில் வியாழக்கிழமை கொடுத்தாராம். வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்து, இதை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியைப் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாராம். தாள்களைக் கிழித்துப் போடச் சொன்னாராம். ஆர்டிஸுக்குத்தான் மனசு வரவில்லை.

ரோடா நின்றுகொண்டே படித்தாள். ஆறு பக்கமும் காப்பர் லேன்தான். தாய் வழியில் நாலு தலைமுறைக்கு முந்தைய ஒரு குதிரை மண்ணில் ஜெயித்ததைத் தேடிப் பிடித்திருந்தார். எந்த நாள் காலையில் எத்தனை நொடியில் ஓடியது என்று ஐந்து மாதக் கணக்கும் அதில் இருந்தது. இவ்வளவு பொறுமையாக ஒரு குதிரையைப் பழக்குகிற கை கென்டக்கியில் வேறு கிடையாது என்று எழுதியிருந்தார்.

கடைசித் தாளின் அடியில், பேனாவால் கிறுக்கியிருந்தது:

'ஆர்டிஸ், இதைப் போடாதே. ஆறு பக்கம் எழுதியும் என்னால் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படி ஒரு குதிரை எங்கேயும் பிறந்ததில்லை. ஐந்து மாதமாக வேலியோரம் நின்று நான் பார்த்தது குதிரையை இல்லை, என் மகளை.'