நாலு கடை

"ஏன் உபதேசியாரே, பூட்டுக்கடைகூடப் பூட்டிக் கெடக்கு. தாலுகா கச்சேரிக் கொடியும் பாதிக் கம்பத்துல தொங்குது. யாருக்கு இம்புட்டு மரியாதை?"

சிறுமலையிலிருந்து நடந்தே இறங்கி வந்த சவரிமுத்து, தங்கை வியாகுலம்மாளின் அடக்கம் முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

கோவில் உபதேசியார், வியாகுலம்மாளின் பள்ளிக்கூடத்து ரோசலின் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கல்லறை மண்ணைப் பார்த்தாள்.

"வேற யாருக்கு அண்ணே? உங்க தங்கச்சிக்குத்தான்" என்றார் உபதேசியார். 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்ற எட்டாம் கட்டளையை இருபது வருடமாக ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர்.

ரோசலின் மறுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று முதல் பள்ளிக்கூடம் தொடங்கியவள் வியாகுலம்மாள். கட்டடம் அவள் உழைப்பு. நிலம் அண்ணன் பேரில். எழுதிக் கொடு என்று கேட்கும்போதெல்லாம் அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார்.

"பொட்டப்புள்ளைகளுக்குப் படிப்புச் சொன்னதுக்கு ஊரு ஒன்னயக் கொண்டாடுதாக்கும்? நீ செத்தா நாலு கடை அடைப்பானா? அடைச்சா எழுதித் தாரேன். இல்லாட்டி அது என் வாழைத்தார் மண்டி."

ஊர் கொண்டாடிய லட்சணம் இன்று தெரிந்தது. அவளிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். அடக்கத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர், குழி வெட்டியவரையும் சேர்த்து. ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. நேற்றுக் காலை இவள் கண்மூடினாள். பிற்பகலில் டெல்லியில் நேரு கண்மூடினார். ஊர் மொத்தமும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. நாள் பார்த்துச் சாகக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

மலைக்குச் சாவுச் செய்தி கொண்டுபோன ஆள் நேற்றுக் காலையிலேயே கிளம்பிவிட்டான். அங்கே ரேடியோ ஏது என்பது உபதேசியாரின் தைரியம்.

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் சவரிமுத்து விடவில்லை.

"ரிஜிஸ்தர் ஆபீசுமா அடைப்பு?"

"அதுவும்தான் அண்ணே."

"சினிமாக் கொட்டகை?"

"எல்லா ஆட்டமும் ரத்து."

"அவ சினிமாவே பாக்க மாட்டாளே."

"அதனாலதான் அண்ணே."

ரோசலின் மனதுக்குள் பொய்களை எண்ணிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் உபதேசியாருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

பள்ளி வராந்தாவில் ஒரு கரும்பலகை. உலகத்தில் இதே தேதியில் என்ன நடந்தது, யார் பிறந்தார், எந்தக் கோட்டை விழுந்தது என்று தினமும் அதில் எழுதிவிட்டுத்தான் வியாகுலம்மாள் மறுவேலை பார்ப்பாள். கோடை விடுமுறையில் வாசிக்க ஆளில்லாவிட்டாலும் எழுதுவாள். நேற்றும் வந்து 'மே 27' என்று எழுதினாள். அதோடு விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

சவரிமுத்து அங்கேயே நின்றார்.

"பத்திரம் பெறகு பதியலாம். இப்ப ஒரு காகிதம் எடுத்து வைங்க, வாரேன்" என்றார்.

உள்ளே காகிதம் கிடைத்தது, மை தீர்ந்திருந்தது. வேறு புட்டி தேடி எடுப்பதற்குள் செத்த நேரம் ஆனது. அப்புறம் சவரிமுத்து உள்ளே வந்தார். விரல் நுனியெல்லாம் வெள்ளை. வெற்றிலைச் சுண்ணாம்பாக்கும் என்று ரோசலின் ஒரு துணியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நிலம் பள்ளிக்கூடத்துக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் ஓரத்திலும் வெள்ளை ஒட்டியது.

"நாலு கடைதான் கேட்டேன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மலைப்பாதைப் பக்கம் நடந்தார்.

"கர்த்தர் என்னை மன்னிப்பார் டீச்சர்" என்றார் உபதேசியார், நல்ல திருப்தியோடு.

பூட்டுவதற்காக ரோசலின் வராந்தாவுக்கு வந்தாள். கரும்பலகையில், 'மே 27' என்ற அந்த அழகான எழுத்துக்குக் கீழே, சாக்பீஸால் கோணல்மாணலாக ஒரு வரி இருந்தது:

'டெல்லியில் நேருவும் திண்டுக்கல்லில் வியாகுலம்மாளும் காலமானார்கள்.'